முட்டு

பீளமேடு, இரவு பதினொன்று.
கண்ணாடித் தட்டில் ஓர் இதய செல்.
ஒவ்வொரு துடிப்புக்கும்
பச்சையாய் ஒளிரும் நுண்குழல்கள்
நெளிகின்றன, நிமிர்கின்றன.

தனியே எடுத்து அழுத்தினால்
சொற்ப பாரத்துக்கே
ஒற்றை வில்லாய் வளைந்துவிடும்.
இங்கே நெருக்கி நிற்கும் இழைகள்
விலக இடம் தராததால்
சின்னச் சின்ன அலையாய் மடங்கி
நூறு மடங்கு தாங்குகிறது.
இதற்கு மூன்று பக்கம் கணக்குப் போட்டிருந்தேன்.

பக்கத்து மனையில் விடிந்தால் கான்கிரீட்.
சென்ட்ரிங் பொங்கியண்ணன்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சவுக்குக் கால்களின் இடுப்பில்
குறுக்குக் கழி வைத்துக் கட்டுகிறார்.
"நடுவுல ஒரு கட்டு இல்லீன்னா
நெளிஞ்சுக்குமுங்க."

திரையில், நெளிந்த இடத்தில்
ஒரு குழல் கொஞ்சம் உதிர்ந்தது.
மிதந்துவந்த துணுக்குகள்
அந்தப் பொத்தலிலேயே ஒட்டின.
துடிப்பு நிற்கவில்லை.

இன்னும் எட்டுக் கால் பாக்கியாம்.
ஜன்னலைச் சாத்தாமல் விட்டேன்,
என் விளக்கு அவருக்கும் விழட்டும்.