புருவத்தின் வேலை

வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து
வெளிச்சப் பொட்டுத் தெரிந்தால் அமத்துங்கோ என்றார்கள்.
அமத்தினேன். கீழே எல்லாம் சரி.
மேலே இருபத்தொரு பொட்டுகள்
எனக்குத் தெரியாமலே வந்து போயிருக்கின்றன.

ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மாடிக் கிளினிக்;
கீழே ஹெல்மெட் விற்கிற கடை.
டொக்டர் அமிர்தரூபன்
பெருவிரலால் என் புருவத்தைச் சற்றே மேலே தள்ளி
கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார்.
"இது ஒண்டு."
பிறகு புருவத்தை விட்டுவிட்டு
மெல்லிய கம்பியொன்றால் இமைத்தோலை மடித்துப் பிடித்தார்.
"இது மற்றது. எது வேணும்?"

புடவைக் கடையில் கேட்பதுபோலத்தான் கேட்டார்.
நானும் விலையைத்தான் கேட்டேன்.

இமை என்றால் மடிப்புக்குள்ளே வெட்டு,
விறைப்பு ஊசி, ஒரு மணித்தியாலம்,
ஏழாம் நாள் தையல் எடுப்பு.
புருவம் என்றால் கொழும்புக்குப் போகவேண்டும்,
மயக்கம் கொடுப்பார்கள்,
தழும்பு தலைமயிருக்குள்ளே ஒளிந்துகொள்ளும்,
காசு மட்டும் ஒளியாது: மூன்று மடங்கு.

இரவு பத்தரைக்குத் தங்கச்சி தர்மினி
ஸ்காபரோவிலிருந்து வீடியோவில் வந்தாள்.
"புருவத்தைச் செய் அக்கா, பத்து வயசு குறையும்.
காசு நான் போடுறன்."
அவளுடைய புருவங்கள் இரண்டு வருடமாக
எதையோ கேட்டுத் திடுக்கிட்டபடியே நிற்கின்றன.
சித்தப்பா செத்ததைச் சொல்லி அழுதபோதும்
சுவீப் விழுந்தவளின் முகம்.
அதை நான் சொல்லவில்லை.
யோசிக்கிறன் என்றேன்.

அடுத்த கிழமை டொக்டர்
என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.
"இப்ப கண்ணைத் திறவுங்கோ."
அவருடைய சேர்ட்டின் மூன்றாம் பொத்தான் வரைக்கும்தான்
திறந்தது.
"பாத்தியளோ, உங்கட இமையைத் தூக்கிறது இமையில்லை, நெத்தி.
கன வருசமா அதின்ர வேலையையும் சேத்துச் செய்யுது.
அதுதான் பின்னேரத்தில தலையிடி."

தலையிடி உண்மை.
படியிறங்கும்போது வேறொன்று இடித்தது.

சுன்னாகத்தில், கூட்டுறவு வங்கியில்,
பதினெட்டு வருடமாக அடகு யன்னலில் இருக்கிறேன்.
உரைகல், அமிலப் போத்தல், சின்னத் தராசு.
சங்கிலியை வாங்குவேன், உரைப்பேன், நிறுப்பேன்,
பிறகு நிமிர்ந்து ஆளைப் பார்ப்பேன்:
புருவம் இரண்டும் மேலேறி
நெற்றியில் நாலு கோடு.

மகனின் வள்ள எஞ்சினுக்காக
மரியறொசலின் ஒருநாள் தாலிக்கொடியோடு வந்தாள்.
நான் நிமிர்ந்தேன்.
"ஏன் மிஸ் அப்பிடிப் பாக்கிறியள்?
களவெடுத்ததில்லை, என்ர கழுத்தில கிடந்தது."
கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.
வெயில் கறுப்பில்
கொடியின் தடம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

சந்தேகமில்லை, ரொசலின்,
உன் முகம் தெரியத்தான் தூக்கினேன்.
அன்றைக்கு இது எனக்கே தெரியாது.
பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்தேன்.
மீட்க அவள் வரவில்லை, மகனைத்தான் அனுப்பினாள்.

பதினெட்டு வருடம். நாளுக்கு முப்பது பேர் என்று வைத்தால்...
கணக்குத்தான் என் தொழில்;
இதை மட்டும் பாதியில் விட்டேன்.

"இமையைக் குறைச்சா
புருவம் தனக்கு வேலையில்லையெண்டு கீழ இறங்கிடும்.
கொஞ்சம் களைச்ச முகமாத் தெரியும்.
சில பேருக்கு அது பிடிக்கிறேல்லை."
ஒரு குறையைப்போலத்தான் டொக்டர் அதைச் சொன்னார்.

இறங்கட்டும்.
களைத்த முகத்துக்கு முன்னால்
யாரும் கழுத்தைத் திருப்பிக் காட்டமாட்டார்கள்.

தர்மினிக்கு எழுதினேன்:
இமை. காசு வேண்டாம், என்ர ரெண்டு காப்பு இருக்கு.
நாளைக்கு யன்னலின் வெளிப்பக்கம் நின்று நீட்டவேண்டும்.
புதிதாய் வந்த பெடியன் கஜலக்சன்
உரைப்பான், நிறுப்பான், நிமிர்வான்.
அவன் என்னை எப்படிப் பார்க்கிறான் என்று
பார்க்கவேண்டும்,
நெற்றியைத் தூக்கித்தான்.