பிடி அளவு

மைல்ஸ் சிட்டியில் பிப்ரவரி.
கதவு திறந்ததும் அவளோடு
கொஞ்சம் பனியும் உள்ளே வந்தது.
கைப்பைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்து வைத்தேன்,
பழக்கதோஷம்.

வெர்னா டோலஃப்சன் கையுறையைக் கழற்றினாள்.
முப்பது வருஷம் மாட்டுக் கொட்டிலில், இருட்டில்,
கன்றுகளை இழுத்துப்போட்ட கை.
சுண்டுவிரல் பிடிக்கு வெளியே தொங்கியது.
"இது பொம்மை. பெரியதை எடு, ஆரின்."

ஒன்பது மில்லிமீட்டர், பதினேழு குண்டு, முழு நீளம்.
குழல் காலி என்று காட்டிக் கொடுத்தேன்.
அவளும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.
ஸ்லைடை இழுத்தாள்; முழங்கை ஆடவில்லை.
அடுத்தது எடை கூட, விலையும் கூட.
அதைக் கீழே வைக்கவேயில்லை.

"கரடிக்கா?"
பதில் இல்லை.
"என்னைவிடப் பெரிய கைக்கு இது சரிப்படுமா?"
பின்பிடியை மாற்றிக்கொள்ளலாம், மூன்று அளவு உண்டு என்று
வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

படிவத்தில் ஒரு கேள்வி:
உண்மையில் வாங்குவது நீங்கள்தானா?
பேனா அங்கே நின்றது.
வெளியே அவள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.
உள்ளே யாரோ.
கண்ணாடி முழுக்க மூச்சு படிந்து
முகம் தெரியவில்லை.

படிவத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கையுறை மாட்டத்தான்
வெகுநேரம் பிடித்தது.