இருபத்து மூன்று மணி

முப்பது வருசமாகத் தின்கிறேன்,
அதன் விதையை நான் பார்த்ததில்லை.
கடையில் அது சோயாமீட்.
உறைக்குள் காய்ந்த பஞ்சுத் துண்டு,
கோழிச் சுவை, நண்டுச் சுவை,
சம்பளத்துக்கு முந்தின வாரம் எந்தச் சுவையும்.
மகளுக்கு ஏழாம் மாதத்தில்
கிளினிக்கில் கொடுத்த திரிபோஷப் பொதியில்
பொடி எழுத்தில் அதன் பெயர் இருந்தது.
மாவை விரலில் தேய்த்துப் பார்த்தேன்.
மாவுக்கு முகம் ஏது?

வெலிமடையில் நளீம் நானாவின் விதைக்கடை.
லீக்ஸ் இருந்தது, பீட்ரூட், கரட்,
டின்னில் அடைத்த கோவா விதை,
ஒரு டின் எனக்கு நாலு நாள் பேர்.
"சோயாவா? அத யாரு புள்ள இந்தக் குளிர்ல போடுவா"
என்று போஞ்சியை எடுத்துக் காட்டினார்.
போஞ்சியை எனக்குத் தெரியும்.

கோழித்தீன் கடையில் மூட்டை மூட்டையாய்க் கிடந்தது,
எல்லாம் எண்ணெய் பிழிந்த புண்ணாக்கு.
பண்டாரவளையில் கண்ணாடி போட்ட கடையில்
முழு மணியே கிடைத்தது
வறுத்து, உப்புப் போட்டு.
ஒன்றைக் கடித்தேன்.
முதல் தடவை பார்த்ததையும் தின்றுதான் பார்த்தேன்.

கமநல நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள்.
பெயர் எழுதினேன், யோகமலர்.
அடையாள அட்டை இலக்கம் எழுதினேன்.
காணி இலக்கம் என்ற கட்டத்தில்
பேனை நின்றது.
லயத்துக்குப் பின்னால் பத்தடி,
அதற்கு இலக்கம் இருந்தால் கம்பனியிடம் இருக்கும்.
"அதை எழுதாமல் விடுங்க அம்மா" என்றார் அந்தப் பெடியன்,
நல்ல பிள்ளை.
எழுதாமல் விட்ட படிவத்தை எடுக்க ஏலாது
என்றும் அவரே சொன்னார்.

மகியங்கனை பஸ்ஸில் திலக்கசிறி கொண்டக்டர்.
என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன்.
"சோயாமீட்டா?" என்றான்.
இல்லை தம்பி, அதற்கு முந்தினது.
விரலை வளைத்து உருண்டை காட்டினேன்.
பஸ் முழுக்கப் பார்த்தது.
"அம்மா வயலோரம் போடுறா" என்றான்,
அவ்வளவுதான், மிதிபலகைக்குப் போய்விட்டான்.

மூன்றாம் சனிக்கிழமை
டிக்கட் சுருளின் காலிக் குழலொன்றை நீட்டினான்,
இரண்டு முனையும் கடதாசி அடைத்து.
மடியில் கொட்டி எண்ணினேன், இருபத்து மூன்று.
மஞ்சள், இடுப்பில் ஒரு கறுப்புக் கீறல்.
காசு நீட்டினால் கையைத் தட்டிவிட்டான்.
டிக்கட்டுக்கு மட்டும்
ஐந்து ரூபாய் குறைகிறது என்று நின்று வாங்கினான்.

ஐந்தை ஈரச்சீலையில் சுற்றி
அடுப்பு மேட்டில் வைத்தேன்.
இரவு உருண்டையாய்ப் படுத்தது
காலையில் நீண்டு கிடந்தது,
வேறு எவருடையதோ விதை போல.
நாலாம் நாள் நாலுக்கு வால்.
ஒன்று அழுகி நாறியது.

தோண்டக் கூடாதென்று மஸ்டர் பலகையில் நோட்டீஸ்.
ஆகவே தோண்டவில்லை, உரச் சாக்கில் மண் நிரப்பினேன்.
மண்ணும் கம்பனியுடையது, சாக்கும் கம்பனியுடையது,
ஆனால் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

பதினாலு முளைத்தது.
முயலுக்கு இரண்டு, மழைக்கு ஒன்று.
மிச்சம் இலை விட்டது,
இலையெல்லாம் மயிர், அதில் பனி
இறங்க மனமில்லாமல் ஒன்பது மணிவரை நிற்கிறது.

கணக்கப்பிள்ளை வந்து தடியால் தொட்டார்.
"என்ன பயிர் இது?"
"மீட்டு" என்றேன்.
சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
சாக்கை எண்ணிக்கொண்டு போனார்.

நாளை சனிக்கிழமை.
திலக்கசிறி கேட்பான்.
பதினொன்றுக்குச் சிங்களத்தில் என்ன என்று
மகளிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.
இன்றிரவு காற்று நின்றால்
அந்த ஒரு சொல் போதும்.