கட்டுக்கம்பி

காய்ச்சலோடு போன மணம் திரும்பி வரவில்லை.
கருவாடும் மல்லிகையும் எனக்கு
ஒரே வெறுங்காற்று.
இதைப் புவிராஜாவிடம் சொல்லாமல்தான்
ஆயித்தியமலைக் கோழிப்பண்ணையில்
இரவு வேலைக்குச் சேர்ந்தேன்.

ஆயிரத்து இருநூறு குஞ்சுகள், பொரித்து இரண்டு நாள்.
நடுவில் கவிழ்த்த தாம்பாளம்போல்
காஸ் ஹீட்டர் தொங்கும்.
சுவரில் வெப்பமானி உண்டு.
நான் பார்ப்பது குஞ்சுகளை.
அடியில் குவிந்தால் குளிர்.
ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு.
ஒரே பக்கம் ஒதுங்கினால்
எங்கோ சாக்குத் திரை கிழிந்திருக்கிறது.
சிந்திய அரிசிபோல் உமியெங்கும் பரவிக் கிடந்தால்
நானும் கொஞ்சம் கண்ணயரலாம்.

அயர்ந்தேன்.
மார்கழி மழை தகரத்தில் கல்லெறிந்தது.
விழித்தபோது
ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறி
மஞ்சள் குவியலாய்க் கிடந்தன.
மேலே நீலச் சுடர் இல்லை.

தீப்பெட்டியை எடுத்தேன்.
முதல் குச்சி நமுத்து மருந்து உதிர்ந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன்,
மழை ஒரு மூச்சு விட்டது.

அந்த இடைவெளியில்
உஸ்...

பாம்பென்றுதான் நினைத்தேன்.
டோர்ச் வெளிச்சம் ஹீட்டரில் ஏறியது:
அமுக்கிப் பிடிக்கும் பொத்தானைச் சுற்றிக் கட்டுக்கம்பி.
மூன்று சுற்று, குறட்டால் முறுக்கியது.

பகல் வேலைக் கயூரன் பிறகு சொன்னான்:
"ஒவ்வொருக்காவும் நூந்து போகுதுகா.
அமத்திக்கொண்டே நிக்க ஒண்ணா."

இந்தக் காஸ் மேலே போகாது.
தண்ணீர்போல் தாழ்வு தேடும்.
குஞ்சின் உயரத்தில்,
நான் படுத்த பாயின் உயரத்தில்
அது எவ்வளவு நேரம் தேங்கியிருந்ததோ.
எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.
கையில் எரிந்த டோர்ச்சை
அணைக்கவும் பயம்.

சிலிண்டரை மூடினேன்.
நாலு பக்கச் சாக்கையும் உருட்டிக் கட்டினேன்.
படுவான்கரைக் காற்று முழுவதும்
நனைந்தபடி உள்ளே வந்தது.
அள்ள முடிந்ததைத் தீவனப் பெட்டிகளில் அள்ளி
என் போர்வையால் மூடினேன்.
விடியும்வரை ஒரு சுடரும் ஏற்றவில்லை.

நாற்பத்தொரு குஞ்சு.

காத்தான்குடியிலிருந்து சப்ரி வந்தார்,
மோட்டார்சைக்கிளில், சேறு முழங்கால்வரை.
கம்பியை வெட்டி என் கையில் தந்தார்.
"இது பழுதில்ல தங்கச்சி.
நெருப்பு இந்த ஆணியச் சுடுற வரைக்கும்
ஆணி ஒரு சொட்டுக் கரண்ட் குடுக்கும்.
அந்தச் சொட்டுத்தான் கதவத் திறந்து வெச்சிருக்கும்.
நெருப்பு நூந்தா ஆணி ஆறும்,
கதவு தானா மூடும்.
நீங்க கதவயே கட்டிப் போட்டீங்க."

ஆணி முழுக்கக் கரி, குஞ்சு மயிர்.
மெல்லிய மண்தாளால் தேய்த்தார்.
மூன்று நிமிட வேலை.
அந்த மூன்று நிமிடத்துக்கு
யாருக்கும் நேரமில்லாமல் இருந்திருக்கிறது,
எனக்கும்தான்.

புவிராஜா கொப்பியை விரித்து
நாற்பத்தொன்றுக்குக் கணக்குக் கேட்டார்.
அப்போதுதான் மூக்கைச் சொன்னேன்.
பேனை மூடியைக் கழற்றினார், மாட்டினார்,
கழற்றினார்.
சம்பளத்தில் பாதியை வெட்டினார்.
வேலையை வெட்டவில்லை.

இப்போது பொழுதுபட
ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசுகிறேன்.
குமிழி வந்தால்
அதுதான் எனக்கு மணம்.
தீப்பெட்டி பொலித்தீன் பைக்குள் இருக்கிறது.
நமுத்த அந்த மூன்றாவது குச்சியை மட்டும்
தனியே வைத்திருக்கிறேன்,
ஏனென்று தெரியாது.

பொத்தானை அமுக்குகிறேன்.
சுடர் பிடிக்கிறது.
பெருவிரல் வலிக்க வலிக்க முப்பதுவரை எண்ணி
மெல்ல விடுகிறேன்.

நூந்து போகிறது.

நல்லது, சொல்லட்டும்.
காற்றோட்டம் விட்டு, ஐந்து நிமிடம் நின்று,
மறுகா
ஒன்றிலிருந்து.