மறு கை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி:
ஒரு நோயாளிக்கு இரண்டு முறைதான் ஊசி ஏற்றலாம்.
இரண்டும் தவறினால் ஒதுங்கி நின்று
இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்.
யாரும் கோபித்துக்கொள்வதில்லை.
அதுதான் தாங்காது.

போன வருடம் ஐந்நூற்று மூன்று.
பாதிப் பேரை முந்திய எண்,
எந்தக் கதவையும் எட்டாத எண்.
ஜூனில் பதினெட்டுக் கல்லூரிகளுக்கு
அதோடுதான் விண்ணப்பம் போனது.
மறுபடி எழுதப்போகிறீர்களா என்ற கட்டத்தில்
ஆகஸ்ட் இருபத்திரண்டு என்று நிரப்பினேன்.
சோறு அனுப்பியாயிற்று,
உப்பு பின்னால் வரும்.

ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?
ஐயாயிரத்து முந்நூறு எழுத்துக்குள்,
இடைவெளியும் சேர்த்து.
முதல் வரைவில் அப்பாவின் கால் இருந்தது.
வெள்ளை பீட்ரூட்டைச் சர்க்கரையாக்கும் ஆலையில்
முப்பது வருடம் நின்ற கால்.
சர்க்கரை அதில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.
டோரீன் படித்துவிட்டு,
"நல்லா இருக்கு. ஆனா அவரை விக்கிற" என்றாள்.
விரல்களை நானும் எடுத்துவிட்டேன்.
முந்நூறு எழுத்து மிச்சம்.

இரவுப் பணியில்
ரத்தக் குழாய்கள் சுழன்று பிரியும் பத்து நிமிடங்களில்
கையுறைப் பெட்டியின் முதுகில்
அமினோ அமிலங்களை எழுதிவைப்பேன்.
ஆர்ஜினின், லைசின், ஹிஸ்டிடின்.
பெட்டி காலியானதும் யாரோ குப்பையில் போடுவார்கள்.
அடுத்த பெட்டியில் மறுபடி, ஆர்ஜினினிலிருந்து.

ஸ்காட்ஸ்ப்ளஃபிலிருந்து செயெனுக்கு
இருட்டிலேயே கிளம்பினேன்.
பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டு,
கண்ணாடியைக் கழற்று,
உள்ளங்கையை இங்கே வை.
அந்தக் கருவி தோலைப் பார்ப்பதில்லை,
அடியில் ஓடும் நாளங்களைப் படிக்கிறது.
"டெல்ஃபினா உர்தாதோ,
நீங்கள் ஏற்கெனவே பதிவில் இருக்கிறீர்கள்."
போன வருடத்து என்னை
நினைவில் வைத்திருந்தது அது ஒன்றுதான்.
முதல் முயற்சியிலேயே நாளத்தைக் கண்டுபிடித்தது வேறு.
தொழில் பொறாமை வந்தது எனக்கு.

ஒரு மின்சுற்று.
ஒரு போலி ஓவியத்தைக் கண்டுபிடித்தவரின் வருத்தம்.
சிறுநீரகம் பற்றி ஒரு கேள்வி:
தினமும் கையில் பிடிக்கும் திரவம்,
காகிதத்தில் வேறு யாரோ போல முறைத்தது.

உணவு இடைவேளை அரை மணி.
வண்டி நிறுத்துமிடத்தில் அவித்த முட்டை.
பக்கத்துக் காரில்
என் வரிசையில் எழுதிக்கொண்டிருந்த பையன்,
வாய் திறந்தபடி தூக்கம்.
நெஞ்சில் கிடந்த கைப்பேசி
அதிர்ந்து அதிர்ந்து சரிந்தது.
இன்னும் நான்கு நிமிடம்.
தட்டாமல் போனால்
பதினெட்டில் ஏதோ ஒரு கதவில்
ஒரு தலை குறையும் என்று நினைத்தேன்.
நினைத்தேன்தான்.
ஐயாயிரத்து முந்நூறில் அதற்கு இடமில்லை.
அப்புறம் கண்ணாடியைத் தட்டினேன், மோதிரத்தால், பலமாக.
இருவரும் ஓடினோம்.
நன்றி சொல்ல அவனுக்கு மூச்சில்லை.

கடைசியில் திரை கேட்டது:
மதிப்பிடவா, இல்லாததாக்கவா?
ஐந்து நிமிடம் ஓடத் தொடங்கியது.
இல்லாததாக்கினால் எவரும் பார்க்கமாட்டார்கள்,
எண்ணும் இருக்காது, தவறும் இருக்காது.

போன செவ்வாய்
கீசிங் என்ற விவசாயியின் நாளம்
ஊசி முனையில் வழுக்கிவிட்டது.
மன்னிப்புக் கேட்டேன்.
அவர் ஆலங்கட்டி மழைக்கான காப்பீட்டைத் திட்டிக்கொண்டே,
பேச்சை நிறுத்தாமல்,
மறு கைச் சட்டையை மடித்து நீட்டினார்.

மதிப்பிடு.

திரும்பும் வழியெங்கும் வெயில்.
ஆலை இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.
செப்டம்பரில் அந்த நாற்றம் ஊருக்குள் வரும்,
மதிப்பெண்ணும் அப்போதுதான் வரும்.
இரவு பதினொன்றுக்குப் பணி.
எழுதிவிட்டேன் என்று டோரீனுக்குச் செய்தி அனுப்பினேன்.
அந்தப் பையனின் பெயரைக்
கேட்காமல் விட்டுவிட்டேன்.