நான்கரை அங்குலம்

முப்பத்தொரு வருடம் இரண்டு சக்கரத்தில் போனேன்.
வளைவு வந்தால் சாய்ந்தால் போதும்,
மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும்.
பிறகு கேப் பிரெட்டனில் ஒரு நவம்பர்.
தபால் பையோடு யாரோ ஒருவரின் உறைந்த படிகளில் விழுந்தேன்.
இடது முழங்கால் அன்றே ராஜினாமா செய்தது.
நிற்கும் வண்டியைத் தாங்க ஒரு கால் வேண்டும்;
கால் கைவிட்ட இடத்துக்கு
மூன்றாவது சக்கரம் வந்து சேர்ந்தது.

மூன்று சக்கரம் சாயாது.
தலைக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது?
செட்டிக்காம்ப் தாண்டி வடக்கே,
வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் கடல்.
வலம் திரும்ப, பழக்க தோஷம்,
வலது பிடியை முன்னே தள்ளினேன்.
பழைய வண்டியென்றால் புரிந்துகொண்டிருக்கும்.
இது சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிராணி:
இடது பக்கம் போனது,
எதிர்த் தடத்துக்கு, தடுப்புக் கம்பிக்கு,
அதற்கப்பால் போக வளைகுடா முழுக்க இருந்தது.
எதிரே யாரும் வராத அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு
இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு இழுக்கக் கற்றேன்.
வலம் என்றால் வலக்கை இழுக்க, இடக்கை தள்ள,
துருப்பிடித்த மதகைத் திருப்புவதுபோல
ஒவ்வொரு வளைவும்.
மலையேறி இறங்கினால் தோள் என்னுடையதாக இருக்காது.
இரவில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை அதன்மேல் வைத்து
உட்கார்ந்திருப்பேன்.
பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க
எதிர்வீட்டு ஜெனிவியேவிடம் கொண்டுபோவேன்.
மூடியைத் திறந்தபடியே
தன் மருமகனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவாள்.

லாக்கி ராங்கின் படகு எஞ்சின் பார்ப்பவர்.
வண்டியின் கழுத்துச் சாய்வோடு ஒரு நூல் பிடித்து
தரை தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.
அச்சுக்கு நேர் கீழே, சக்கரம் தரையை மிதிக்கும் இடத்தில், இன்னொன்று.
நடுவே நான்கரை அங்குலம்.
"உன் தோளைத் தின்பது இதுதான்.
கடைத் தள்ளுவண்டிச் சக்கரம் பார்த்திருக்கிறாயா?
எப்போதும் பின்னால் இழுபட்டே வரும்.
சாய்கிற வண்டியை அது நிமிர்த்தி வைக்கும்.
உனக்கு வெறும் சுமை."
கவட்டை பிடிக்கும் இரும்பை மாற்றி
சக்கரத்தை முன்னே தள்ளப் போவதாகச் சொன்னார்.
"தள்ளினால் தூரம் கூடாதா?"
பதில் சொல்லவில்லை.
இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு போட்டார்.
முதல் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம்.

பதினோரு நாள்.
குளிர்கால விறகுக்கு வைத்திருந்த பணம்.

வாசலிலேயே, முப்பது கிலோமீட்டர் வேகத்தில்,
கைப்பிடி தலையாட்டியது: இல்லை, இல்லை, இல்லை.
"இலேசானால் ஆடும்" என்றார் லாக்கி.
ஆட்டத்தை அடக்க ஒரு சின்ன எண்ணெய்த் தண்டு வைத்திருந்தார்.
அதற்கான பில்லும் வைத்திருந்தார்.

அதே மலை. அதே வலப்பக்க வளைவு.
ஒரு கோடைக்காலம் முழுக்கச் சேர்த்த பலத்தோடு இழுத்தேன்.
வண்டி பாறைப் பக்கம் பாய்ந்து
ஓரத்துச் சரளையில் சீறி நின்றது.
யாரும் எதிர்க்காத கதவை
தோளால் இடித்து உள்ளே விழுந்தவள் போல
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு கடற்காகம் மட்டும் பார்த்தது.

அடுத்த வளைவில் இரண்டு விரல்.
உடம்பைச் சற்று உள்பக்கம் சாய்த்தேன்.
வண்டிக்காக இல்லை,
வெளியே தூக்கி எறியாமல் இருக்க.
ப்ளெசன்ட் பே வரை போய்த் திரும்பினேன்.
எத்தனை வளைவு என்று எண்ண மறந்திருந்தேன்.

வீட்டில் பாட்டிலை எடுத்தேன்.
ஒரே திருகு. டப்பென்று திறந்தது.
ஒரு துண்டைக் கையாலேயே எடுத்துத் தின்றேன்.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
எதிர்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது.

மூடியைப் போட்டு, இரண்டு கையாலும்
முடிந்தமட்டும் இறுக்கினேன்.
தெருவைத் தாண்டினேன்.

ஜெனிவியேவ் பாட்டிலை வாங்கினாள்.
என் விரல்களில் சிவப்பைப் பார்த்தாள்.
"உட்கார்" என்றாள்,
"அவன் இன்றைக்கு என்ன செய்தான் தெரியுமா?"