எல்லைக்கு அப்பால் வண்டி ஓடாது

ஜூஜூவாடிக்குக் கொஞ்சம் முன்னால்
வண்டி தானாகவே மூச்சை விட்டது.
நான் பிரேக்கைத் தொடவே இல்லை.
வலது கையில் முறுக்கு அப்படியே இருந்தது,
சக்கரம்தான் கேட்கவில்லை.
இதைப் பதினோரு பேரிடம் சொல்லியாயிற்று.
பன்னிரண்டாவதாக உங்களிடம்.

அத்திப்பள்ளியில் கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
டீக்கடை ஓரம் வரிசையாக நின்ற
வாடகை ஸ்கூட்டர்களில் ஒன்றை
செல்போனைக் காட்டித் திறந்தேன்.
நிமிஷத்துக்கு இரண்டு ரூபாய்.
விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது,
வேறென்ன பார்ப்பார்கள் வண்டியில்?

பின்னால் வந்தது
விலைபோகாத தக்காளியோடு இராயக்கோட்டைக்குத் திரும்பும் வேன்.
கண் விழித்தபோது ரோடெல்லாம் சிவப்பு.
எது என்னுடையது, எது தக்காளியுடையதென்று
மகஜர் எழுதிய ஏட்டுக்கும் தெரியவில்லை.
வண்டி நம்பர் என்ன என்றார்.
நம்பர் பலகையே கிடையாது,
கட்டம்கட்டமாய்க் கறுப்புப் புள்ளி வைத்த ஸ்டிக்கர் ஒன்றுதான்.
எழுத வராமல் அதை அவர்
பார்த்துப் பார்த்து வரைந்தார்.

வேன் இன்சூரன்ஸ்காரர்கள் எழுதினார்கள்:
நடுரோட்டில் திடீரென நின்றவள் மேல் பாதிப் பிழை.
வாடகைக் கம்பெனி எழுதியது:
விதி பதினான்கு. எல்லை தாண்டினால் வண்டி அணையும்.
மனுதாரர் 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தொட்டிருக்கிறார்.

தொட்டேன்.
நாற்பது பக்கம், இங்கிலீஷ், ராத்திரி பத்தே முக்கால்,
தொடாவிட்டால் பூட்டு திறக்காது.

இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்:
இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடாதது
சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே இல்லையாம்.
கட்டிலிலிருந்து விழுந்தேன் என்று
எழுதிக்கொள்ளட்டும்.

கிருஷ்ணகிரி மெடிக்கல் போர்டில் கையை மூடச் சொன்னார்கள்.
மூடினேன்.
சுண்டுவிரலும் மோதிரவிரலும் கூட வரவில்லை.
பதினெட்டு சதவீதம்.
பாகலூர் ரோஜாக் கொட்டகையில்
தண்டு நீளம் பார்த்து இருபது இருபதாய்க் கட்டுகிறவள் நான்.
இருபதில் மூன்றரைப் பூ தவறும் என்று கணக்குப் போட்டேன்.
சூப்பர்வைசர் இருபதும் தவறும் என்று போட்டு
பிப்ரவரிக்கு முன்னாலேயே வேறு ஆள் வைத்துவிட்டார்.

வேன் ஓட்டிய கோவிந்தப்பா, முதல் எதிர்மனுதாரர்,
ஓசூர் கோர்ட்டு வராண்டாவில்
என் பக்கத்தில்தான் உட்காருவார்.
"நீ நிறுத்தலைன்னு எனக்குத் தெரியும்மா,
பின்னாடி லைட்டே எரியலையே."
கூண்டில் அதைச் சொல்லக் கூடாதென்று
அவர் வக்கீல் சொல்லியிருக்கிறாராம்.
பாதி வேர்க்கடலையை என் பக்கம் தள்ளுவார்.

போன வாரம் செல்போனில் ஒரு செய்தி:
உங்கள் பயணம் இன்னும் முடிக்கப்படவில்லை.
நிலுவை பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம்.
நான் கேட்ட நஷ்டஈடே எட்டு.

அழுதுகொண்டு வக்கீல் நஸ்ரீன் தாஜிடம் நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரலால் தள்ளித் தள்ளிப் போனார்,
பதினான்கு மாதம் பின்னால்.
அடியில் இருந்தது:
10.58 எல்லை மீறல். மோட்டார் நிறுத்தப்பட்டது.
10.58 அதிர்வு பதிவானது.

'நிறுத்தப்பட்டது' என்பதை மட்டும்
இரண்டு தரம் வாசித்தார்.
"யாராலன்னு கேப்போம்."

மனுதாரர் தரப்புச் சான்றாவணம் ஏழு.
வாய்தா அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.
அதுவரை பயணத்தை முடிக்காதே என்றிருக்கிறார்.
'முடி' என்ற கட்டம் திரையில் பச்சையாய் மினுங்குகிறது.
மடங்காத விரல் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்புகிறது.
நிமிஷத்துக்கு இரண்டு ரூபாய்.